மாந்தோப்பை மேலிருந்து படம் எடுத்தால் என்ன தெரியும்? வாசகர் கேள்வி - பதில்

கிருஷ்ணகிரி, குடியாத்தம், சித்தூர், குப்பம் பக்கமிருந்து ட்ரோன் படம் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் மா விவசாயிகள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பத்து ஏக்கரில் பெங்களூரா வைத்திருக்கிறேன். "எந்த மரத்துக்கு என்ன நோய் என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே ட்ரோன் சொல்லிவிடும்" என்று ஒருவர் வந்து பேசுகிறார். நம்பி பணம் கொடுக்கலாமா ஐயா? (வேப்பனப்பள்ளி)

பதில்: எந்த மரம் என்பதை நம்பலாம். என்ன நோய் என்பதை நம்ப வேண்டாம்.

இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உள்திசு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா இந்த இரண்டையும் தனித்தனியே அளக்கிறது. நல்ல மரத்தில் விழும் அகச்சிவப்பில் 100-க்கு 45 பங்கும், சிவப்பில் 5 பங்கும் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 40, கூட்டுத்தொகை 50. நாற்பதை ஐம்பதால் வகுத்தால் 0.80. இந்த எண்ணைத்தான் என்.டி.வி.ஐ. என்கிறார்கள். மரம் நலிந்து அகச்சிவப்பு 30, சிவப்பு 10 என்று ஆனால் அதே கணக்கு 0.50-க்கு இறங்கும். வெறும் செம்மண் 0.1 முதல் 0.2 வரை காட்டும்.

ஆனால் 0.50 ஏன் வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. தண்டுத் துளைப்பான் குடைந்து இலை உதிர்ந்தாலும் 0.50, தண்ணீர் போதாவிட்டாலும் 0.50, தத்துப்பூச்சி விட்ட தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்தாலும் 0.50. எண் குறைந்த மரங்களைச் சிவப்பாகக் காட்டும் வரைபடத்தில் எல்லாம் ஒரே நிறம்தான். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் சேர்த்து அச்சடித்த அறிக்கையை யாராவது கொடுத்தால், அது படத்திலிருந்து வந்ததல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் பயன் என்ன? 10 மீட்டர் இடைவெளித் தோப்பில் ஏக்கருக்கு 40 மரம், உங்களுக்கு 400 மரம். அத்தனையையும் ஒரே நாளில், அதுவும் கீழே நின்று பார்க்க முடியாத உச்சிக் கவிகையோடு (மரத்தின் இலைக்கூரை) பார்த்துவிடலாம். மாவில் நலிவு பெரும்பாலும் உச்சிக்கிளையில் தொடங்குகிறது. நடந்து போகிறவர் கண்ணில் படுவது பக்கவாட்டு இலைகள்தான்.

காரணத்தை ஊகிக்க, நிறத்தைவிட அந்த நிறம் தோப்பில் எப்படிப் பரவியிருக்கிறது என்பது உதவும். நேர்க்கோடாக ஒரு வரிசை முழுவதும் சிவந்திருந்தால் சொட்டுநீர் லேட்டரலை (வரிசை நெடுக ஓடும் பக்கக் குழாய்) பாருங்கள். வரிசையின் கடைசி நாலைந்து மரங்கள் மட்டும் என்றால் கடைசி முனையில் அழுத்தம் இல்லை. மேட்டில் திட்டாக இருந்தால் அடியில் பாறை, மண் ஆழம் குறைவு. ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தால் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. ஒரு மரத்தில் தொடங்கி அடுத்தடுத்த படங்களில் வட்டமாகப் பெரிதானால் வேர் நோயைச் சந்தேகியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி மரங்கள் சிவந்தால் பெரும்பாலும் தண்டுத் துளைப்பான்.

அந்தத் தனி மரத்தடிக்குப் போனால் முதலில் அடிமரத்தையும் கிளைக் கவைகளையும் பாருங்கள். பட்டை வெடிப்பில் பிசின் வழிந்து உறைந்திருக்கும். கீழே ஈரமான மரத்தூள் கொட்டிக் கிடக்கும். விரலால் தேய்த்தால் நார் நாராக வந்தால் புழு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. கம்பிக் கொக்கியால் புழுவை எடுத்துவிட்டுத் துளையை ஈர மண்ணால் அடைக்க வேண்டும். மரத்தூள் இல்லாமல் நுனியிலிருந்து கிளை காய்ந்து வந்தால் அது நுனிக் கருகல். காய்ந்த பகுதிக்கு 3 அங்குலம் கீழே, பச்சைக் கட்டையில் வெட்டி, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளியுங்கள். இலைமேல் கரி பூசியதுபோல இருந்தால் 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியதும் 20 லிட்டராக்கி, வெயில் நாளில் தெளித்தால் பூசணம் காய்ந்து ஏடாக உரிந்துவிடும். ஆனால் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தாமல் கஞ்சி மட்டும் தெளித்தால் திரும்ப வரும்.

சொட்டுநீர்தான் சந்தேகம் என்றால் படத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பக்கெட்டும் கடிகாரமும் எடுங்கள். மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் 15 நிமிடத்தில் 2 லிட்டர் தர வேண்டும். லேட்டரலின் முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் அளந்து பாருங்கள். உப்புப் படிந்த போர்வெல் தண்ணீர் ஓடும் இந்தப் பகுதியில் பாதி "நோய்கள்" இந்த பக்கெட்டிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஜனவரியில் எடுத்த படத்தில் தோத்தாபுரி மரங்களில் பாதி சிவப்பாக வந்தது. மருந்துக் கடைக்காரர் மூன்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். நேரில் பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கிறது. (பங்காருபாளையம், சித்தூர் மாவட்டம்)

பதில்: மருந்து வாங்கியிருந்தால் அப்படியே எடுத்து வையுங்கள். ஜனவரியில் மரம் பூத்திருக்கிறது. கவிகை முழுக்கப் பூங்கொத்து மூடியிருக்கும்போது கேமரா இலையைப் பார்ப்பதில்லை, பூவைப் பார்க்கிறது. பூவில் பச்சையம் குறைவு, எண் இறங்கும். சிவப்பாக வந்தவை நன்கு பூத்த மரங்களாகவும், கரும்பச்சையாக வந்தவை இந்த வருடம் பூக்காத மரங்களாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பத்து மரத்தடிக்குப் போய் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் பங்கனப்பள்ளி மரங்களில் இந்த ஜனவரிப் படமே நல்ல பதிவேடு. எந்த மரம் பூத்தது, எது ஓய்வெடுத்தது என்று மரம் மரமாகக் குறித்து வைக்கலாம்.

இதே ஏமாற்றம் கொழுந்து விடும் காலத்திலும் வரும். செம்பு நிறத்தில் தொங்கும் மாந்துளிர் கேமராவுக்கு நோயாளி இலை மாதிரியே தெரியும். துளிர் முற்றிக் கரும்பச்சையாகும் வரை காத்திருங்கள்.

ஆரோக்கியம் பார்க்க வேண்டுமானால் எங்கள் பரிந்துரை வருடத்துக்கு இரண்டு படம். அறுவடையும் கவாத்தும் முடிந்து, வந்த துளிர் முற்றியபின் அக்டோபர் - நவம்பரில் மழை விட்ட ஒரு நாள். பிறகு பிஞ்சு பிடித்து, கோடை முறுகும் முன் மார்ச் தொடக்கத்தில் ஒன்று. அடுத்த ஆண்டும் மரம் அதே பருவத்தில் இருக்கும்போது எடுங்கள். இந்த ஆண்டின் அக்டோபரையும் மார்ச்சையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, அக்டோபரை அடுத்த அக்டோபரோடு ஒப்பிடுவதுதான் பேசும். ரகங்களையும் கலக்காதீர்கள். செந்தூராவின் சராசரி வேறு, பெங்களூராவின் சராசரி வேறு.

கேள்வி: எங்கள் இளைஞர் குழுவிடம் மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா உள்ள ட்ரோன் இருக்கிறது. படங்களை ஒட்டும்போது நடுநடுவே ஓட்டை விழுகிறது, மரங்கள் இரட்டையாகத் தெரிகின்றன. போன மாதம் எடுத்த எண்ணும் இந்த மாத எண்ணும் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறு? (பர்கூர்)

பதில்: மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்டை விழுவது ஓவர்லேப் போதாததால், அதாவது அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு போதாததால். நெல் வயலுக்கு வைக்கும் 70 சதவீதம் தோப்புக்குப் பற்றாது. செயலியில் நீங்கள் கொடுக்கும் ஓவர்லேப் தரைமட்டக் கணக்கு. மரத்தின் உச்சி கேமராவுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒரு படத்தில் அடங்கும் பரப்பு சுருங்கிவிடும். 30 மீட்டர் உயரத்தில் பறந்து, மரம் 8 மீட்டர் இருந்தால், பக்கவாட்டில் நீங்கள் வைத்த 75 சதவீதம் உச்சியில் 66-ஆகக் குறையும். அதே மரத்துக்கு மேல் 60 மீட்டரில் பறந்தால் 71 இருக்கும். தாழப் பறந்தால் தெளிவு கூடும் என்ற ஆசையில்தான் பலரும் இங்கே இடறுகிறார்கள். 60 மீட்டர் வையுங்கள். முன்பின் 80, பக்கவாட்டு 75.

1600-க்கு 1300 பிக்சல் கேமராவில் இந்த உயரத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3 செ.மீ. ஒரு படத்தில் சுமார் 50-க்கு 41 மீட்டர் அடங்கும். 8 மீட்டருக்கு ஒரு படம், 12.5 மீட்டருக்கு ஒரு பறப்புக் கோடு. பத்து ஏக்கர் சதுரமான தோப்பு என்றால் 16 கோடு, ஏறக்குறைய 400 இடங்களில் படம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் 2 நொடிக்கு ஒரு படம், திரும்புவதையும் சேர்த்துக் கால் மணி நேரம். வேகம் கூட்டினால் கேமரா எழுதி முடிக்கும் முன் அடுத்த இடம் வந்துவிடும், படம் விட்டுப்போகும். எல்லைக்கு வெளியே ஒரு கோடு கூடுதலாகப் பறங்கள். ஓர மரங்கள்தான் எப்போதும் சிதைகின்றன.

உங்கள் பக்கம் தோப்புகள் கரட்டுச் சரிவில் இருப்பவை. கீழே நின்று ஏற்றி 60 மீட்டர் வைத்தால், நிலம் 30 மீட்டர் ஏறும் இடத்தில் ட்ரோன் மரத்துக்கு மிக அருகில் பறக்கும். ஓவர்லேப்பும் போய்விடும், மின்கம்பி இருந்தால் ட்ரோனும் போய்விடும். நிலமட்டத்தைப் பின்தொடரும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மேட்டில் நின்று ஏற்றுங்கள், அல்லது தோப்பை இரண்டு துண்டாக்கிப் பறங்கள்.

மரம் இரட்டையாகத் தெரிவது காற்றால். ஒரு படத்தில் கிளை இங்கே, அடுத்ததில் அங்கே. ஆடி மாதக் காற்றில் எடுக்கவே வேண்டாம். சிறு கிளைகள் விடாமல் ஆடும் நேரத்தில் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

எண் ஒத்துப்போகாதது வெளிச்சத்தால். பறக்கும் முன்பும் இறங்கிய பின்பும் சாம்பல் நிற அளவுப் பலகையை வெயிலில் கிடத்தி, உங்கள் நிழல் விழாமல் படம் எடுக்க வேண்டும். பலகையில் விரல் ரேகையும் மண்ணும் படிந்தால் அளவே பொய்யாகிவிடும், உறையில் வையுங்கள். ட்ரோன் தலையில் உள்ள சூரிய ஒளி உணரியின் மேல் தூசு இருக்கக் கூடாது. பாதிப் பறப்பில் மேகம் வந்து போனால் அந்தப் பறப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். முழு வெயில் அல்லது ஒரே சீராக மூடிய வானம், இரண்டில் ஒன்று.

நேரம்: காலை 10 முதல் 2 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் நம் பகுதிக்கு ஒரு திருத்தம் உண்டு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் பகல் 12.15 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது ட்ரோனின் நிழலே படத்துக்குள் விழும், நிழலைச் சுற்றி ஒரு வெளுப்பு வட்டமும் எல்லாப் படத்திலும் வரும். அந்த நாட்களில் நண்பகலை ஒட்டிய நேரத்தைத் தவிர்த்து, முற்பகலிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: படத்தில் நல்ல கரும்பச்சையாக இருக்கும் நாலைந்து மரங்களில் காய்ப்பே இல்லை. (குடியாத்தம்)

பதில்: ஏறிப் பாருங்கள், புல்லுருவியாக இருக்கலாம். அது மாவின் கிளையில் வேரூன்றி நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. ஆனால் அதற்கும் சொந்தப் பச்சையம் உண்டு, கோடையிலும் தளதளவென்று நிற்கும். என்.டி.வி.ஐ. அதை ஆரோக்கியமான இலை என்றே எண்ணும். படம் நோயாளியை நலமானவராகக் காட்டும் மோசமான இடம் இது.

இதற்குச் சாதாரண வண்ணப் படம்தான் துணை. 25 அல்லது 30 மீட்டர் உயரத்தில் அந்த மரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மாவிலை நீண்டு கூராக இருக்கும். புல்லுருவி இலை தடித்து, அகன்று, சாம்பல் கலந்த பச்சையாகக் கொத்தாகத் தெரியும். பூத்திருந்தால் ஆரஞ்சு - சிவப்புக் குழல் பூக்கள் காட்டிக்கொடுத்துவிடும். அது ஒட்டியுள்ள வீக்கத்தை மட்டும் சீவினால் உள்ளே போன வேர் மறுபடி துளிர்க்கும். வீக்கத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுங்கள். பழம் பழுப்பதற்குள் செய்யுங்கள். குருவிகள் அந்தப் பசைவிதையைத் தின்று அடுத்த மரத்தில் ஒட்டிவிடும்.

கேள்வி: செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறதாமே, பிறகு ட்ரோன் எதற்கு? (குப்பம்)

பதில்: ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசம்தான். கோப்பர்நிகஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் உங்கள் தோப்பைத் தேடி, என்.டி.வி.ஐ. என்று தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஒரே இடத்துக்கு 5 நாளுக்கு ஒருமுறை படம். மழைக்காலத்தில் பல படங்களில் மேகம்தான் இருக்கும்.

அதில் ஒரு பிக்சல் 10 மீட்டர். உங்கள் மரங்களும் 10 மீட்டர் இடைவெளி. ஆக ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மரமும் அதைச் சுற்றிய மண்ணும் களையும் கலந்திருக்கும். அக்டோபர் மழைக்குப் பிறகு மரத்திடையில் புல் முளைத்தால் தோப்பே குணமானது போலத் தெரியும், பிப்ரவரியில் புல் காய்ந்ததும் தோப்பே சாகிறது போலத் தெரியும். மரம் இரண்டு தடவையும் அப்படியேதான் இருந்திருக்கும். தனி மரம் பார்க்க இது உதவாது. ஆனால் 2017-லிருந்து இன்றுவரை உங்கள் தோப்பும் பக்கத்துத் தோப்பும் எப்படி மாறின என்று கோடு போட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒவ்வொரு ஆண்டும் புல் காய்ந்த மார்ச் மாதப் படத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு மூலை தொடர்ந்து இறங்கினால், அந்த மூலைக்கு மட்டும் ட்ரோனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: படம் எடுத்துக் கொடுப்பவரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? கணினியில் நானே மரம் மரமாகக் கணக்குப் போட முடியுமா? (சூளகிரி)

பதில்: முடியும். அதற்கு பி.டி.எஃப். அறிக்கை போதாது. ஒட்டிய வண்ணப் படம், சிவப்பு - அகச்சிவப்பு ஒவ்வொன்றின் அளவுப் படம், உயரப் படம் மூன்றையும் ஜியோடிஃப் கோப்பாக (இடக்குறிப்போடு வரும் படக் கோப்பு) கேளுங்கள். ஒட்டாத மூலப் படங்களையும் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பேசி முடியுங்கள்.

கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். ராஸ்டர் கால்குலேட்டரில் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டால் என்.டி.வி.ஐ. படம் கிடைக்கும். அடுத்து உயரப் படத்தை வைத்து, தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்குங்கள். களை போய்விடும், கவிகை மட்டும் நிற்கும். வண்ணப் படத்தின் மேல் ஒவ்வொரு மரத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, வரிசை எண் - மர எண் என்று பெயர் கொடுங்கள். 400 புள்ளி ஒரு மாலை வேலை, அடுத்த ஆண்டுகளுக்கும் அதே புள்ளிகள் உதவும். புள்ளியைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொடுத்தால் மரத்துக்கு ஒரு எண் வரும். சராசரியை விட்டு இடைநிலை மதிப்பை (மீடியன்) எடுங்கள், ஒரு காய்ந்த கிளையோ நிழலோ அதைக் கெடுக்காது. பிறகு ரகவாரியாக வரிசைப்படுத்தி, கடைசி 20 மரங்களின் பட்டியலோடு தோப்புக்குள் இறங்குங்கள்.

உங்கள் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 78 டிகிரி தீர்க்கரேகை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே போகிறது. வரைபடங்களுக்காக உலகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில் ஓசூர் 43 வடக்கு மண்டலம், கிருஷ்ணகிரி, குப்பம், சித்தூர் எல்லாம் 44. மண்டலத்தை மாற்றிக் கொடுத்தால் இரண்டு ஆண்டுப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ஜி.பி.எஸ். பிழையும் சில மீட்டர் தள்ளிவிடும் என்பதால், தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் நிலையான ஐந்து கல்லில் வெள்ளைச் சுண்ணாம்புக் குறி போட்டு, ஒவ்வொரு முறையும் அதை வைத்துப் படத்தைப் பொருத்துங்கள்.

2 மீட்டருக்கு ஒரு மரம் வைத்த அடர்நடவில் கவிகைகள் சேர்ந்து வேலி மாதிரி ஆகிவிடும். அங்கே வட்டம் வேண்டாம், வரிசையை 5 மீட்டர் துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுங்கள்.

கேள்வி: வெப்பக் கேமரா இதைவிட நல்லதா? (பேரணாம்பட்டு)

பதில்: தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு மட்டும் ஆம். வேருக்கு நீர் குறைந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஆவியாதல் நின்று கவிகை சூடேறும். நிறம் மாறுவதற்கு முன்பே இது தெரியும். பகல் 12-லிருந்து 2-க்குள், காற்றில்லாமல் எடுக்க வேண்டும். ஒரு நாளின் டிகிரியை இன்னொரு நாளோடு ஒப்பிடாதீர்கள், ஒரே பறப்பில் மரத்துக்கு மரம் ஒப்பிடுங்கள். இலை இடைவெளியில் தெரியும் சுட்ட மண் கணக்கில் சேர்ந்தால் ஆரோக்கியமான மரமும் காய்ச்சல் காட்டும்.

கேள்வி: ஆந்திர எல்லையில் தோப்பு. இரண்டு மாநில அனுமதியும் வேண்டுமா? (வி.கோட்டா)

பதில்: வானம் மத்திய அரசின் பொறுப்பு. ட்ரோன் விதிகள் 2021 இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றே. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் தோப்பு பச்சை மண்டலத்தில் இருந்தால் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். நாங்கள் சொன்ன 60 மீட்டர் அதற்குள் அடங்கும், ஆனால் ஒட்டி நிற்பதால் 55-ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேல் என்றால் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். 2 கிலோ வரையுள்ள ட்ரோனைச் சொந்தத் தோப்பில் வணிக நோக்கமின்றி ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்கு ஓட்டுபவருக்குத் தேவை, கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் செய்த முழு ட்ரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. பில் இல்லாமல் மலிவாக வருவதை வாங்காதீர்கள்.

கேள்வி: சாலையோர மூன்று வரிசை எப்போதும் சிவப்பு. பக்கத்தில் ஜல்லி கிரஷர். (ஜெகதேவி)

பதில்: இலைமேல் கல்தூசு படிந்திருந்தாலும் எண் இறங்கும். அந்த வரிசையில் ஐந்து மரங்களை மட்டும் பம்பு வைத்து நன்றாகக் கழுவி, காய்ந்தபின் அன்றே மறுபடி படம் எடுங்கள். கழுவிய மரம் உள்வரிசை மரங்களோடு ஒத்துப்போனால் தூசுதான். கழுவியும் ஏறவில்லை என்றால் வேர்ப்பகுதியில் மண் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். கழுவும் முன், கழுவிய பின் எடுத்த இரண்டு படங்களையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். கிரஷர் மீது மனு கொடுக்க வேண்டி வந்தால் அவை உங்கள் பக்கம் பேசும்.